மணலும் கேழ்வரகுப் பாலும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பெருவழியை விட்டு மேற்கே திரும்பி, ஏரிப்பாசன வயல்களுக்கு ஊடே சிறிது தூரம் சென்றால் வருகிற பாகூர், இன்று புதுச்சேரிப் பகுதியின் நெற்களஞ்சியம் என்ற அளவில் பிரசித்தி பெற்றிருக்கிறது. ஆயினும் ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் ஒரு வித்தியாஸ்தானமாக விளங்கியது என்பதற்குச் செப்பேடே சாட்சியாக இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாம் ஆட்சியாண்டில் வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பெற்ற அச்சாசனம், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை அவ்வித்தியாஸ்தானத்தாருக்கு வித்தியாபோகமாக அளித்த செய்தியைக் கூறுகிறது. அங்கே பதினான்கு வித்தைகளும் பயிலப்பட்டன என்று அறிஞர் பொருள் கொண்டிருக்கின்றனர்.

அச்சாசனத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்பமான சந்தேகம் எழுவதுண்டு. வேதாங்கமும் மீமாம்சையும் கற்றவர்களுக்கு மூன்று ஊர் நெல் போயிற்று, சரி. அந்த நெல்லை விளைவித்தவர்களுடைய வீட்டில், இன்னும் பேச்சுத் திருந்தாமல் தவழ்ந்தும் தள்ளாடியும் திரிந்த ஒன்றரை வயதுப் பிள்ளை எதைத் தின்றது, எதைக் கொண்டு விளையாடிற்று, முதன்முதலில் எதைக் கற்றது? உயர்ந்த கல்விக்குச் செப்பேடு வாய்த்தது. முதற்கல்வியோ மணலில் எழுதப்பட்டு அப்பொழுதே அழிக்கப்பட்டது. முதல் ஆகாரம் மண்சட்டியில் காய்ச்சப்பட்டு அன்றே தீர்ந்துபோயிற்று. ஆகையால் இவற்றின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் சாசனத்தை விட்டு, புலவர் பாட்டையும் குயவர் சூளையையும் அடுப்படியையும் நாடவேண்டியவனாகிறான்.

புலவர்கள் நமக்கு வைத்துப்போன சாட்சியம் சாமானியமானதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தவகை, குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வகுத்து வைத்திருக்கிறது: மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் தலையசைத்தாடும் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் நடந்துவரும் வருகை, பதினைந்தில் அம்புலி, அதன்பின் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்று இருபத்தொன்றாம் மாதம் வரையில் அது செல்லும். நூலுக்கு நூல் வரிசை சற்றே மாறினாலும், எந்தப் பருவத்தில் பிள்ளையின் கழுத்து நிமிரும், எப்பொழுது இரு கையும் ஒன்றையொன்று சந்திக்கும், எப்பொழுது எட்டாத பொருளைச் சுட்டி அழைக்கும் என்பதைத் தாய்மார் கண்டு சொல்ல, அதைப் புலவர் விருத்தத்தில் அடக்கினர் என்பதே என் அபிப்பிராயம். தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாடியவர்கள், அளவுகோலை மட்டும் அடுத்த வீட்டுக் குழந்தையிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

சிறுதேர் என்பது வெறும் கவிசமயமும் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத முக்காற் சிறுதேரை உருட்டித் திரிந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வடமொழியில் சூத்திரகன் செய்த நாடகம் ஒரு குழந்தையின் மண்வண்டியினாலேயே மிருச்சகடிகம் என்று பெயர்பெற்றது. அந்த மூன்று சக்கரம் இன்றைக்கும் நம் கண்ணெதிரே ஓடுகிறது. தச்சர் செய்து கொடுக்கும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபழகும் பிள்ளை, பட்டினப்பாலைப் பிள்ளைக்குத் தூரத்து உறவு. தச்சருக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டிலும் வண்டிக்குக் குறைவில்லை. நுங்கு தின்றபின் எஞ்சும் கோந்தை இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கொம்பால் தள்ளினால் வண்டி ஆயிற்று.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ப் பக்கத்து மண்ணுக்கு இவ்விஷயத்தில் தனிச் சிறப்பு உண்டு. அய்யனாருக்குக் குதிரையும், பொங்கலுக்குப் பானையும் செய்யும் குயவர் கையில் மிஞ்சிய மண்ணே பெண்பிள்ளைகளுக்குச் செப்புச் சாமானாகிறது. கட்டைவிரல் உயரத்தில் ஓர் அடுப்பு, அதன்மேல் அமரும் ஒரு பானை, பானைக்கு ஒரு மூடி. மூடி சரியாகப் பொருந்தும் வரையில் மூன்று வயதுப் பிள்ளை அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிற சிரத்தையை, எந்தப் பாடசாலையும் பிரம்பால் உண்டாக்கிவிட முடியாது. வில்லியனூர்ச் சுடுமண் கலைக்கும், அதற்கு வடமேற்கே உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைக் கலைக்கும் 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வில்லியனூர்ப் பகுதிச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெருமைப்படத்தக்க செய்திகளே. ஆனால் வரவேற்பறை அலமாரியில் ஏறிவிட்ட பொம்மையைக் குழந்தை தொட்டால் இப்பொழுது அதட்டு விழுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காசே செலவில்லாத பாடம் ஒன்று உண்டு. தாயோ பாட்டியோ பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை அதில் மத்தாக ஊன்றிப் பருப்புக் கடைவாள். கடைந்ததை ஒவ்வொரு விரலாக மடக்கி, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனுக்கு, அக்காவுக்கு, கடைசி விரலைப் பிள்ளைக்கே என்று பங்கிடுவாள். பின் விரலிரண்டை நண்டாக்கிக் கைவழியே ஊரவிட்டுக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுவாள். ஐந்துவரை எண், உறவுமுறை, பங்கீடு, அடுத்து வருவதை எதிர்பார்த்திருக்கும் பொறுமை ஆகிய நான்கும் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுகின்றன. அந்தக் கையளவு அடுக்களையில் கடையப்படுவது வெண்ணெய் அன்று, பருப்பு என்பதைக் கவனிக்கவேண்டும். ஆயர்பாடிக் கண்ணனைப் பாடிய பாட்டுகளிலே தயிரும் வெண்ணெயும் பெருகினாலும், நாள்தோறும் பிள்ளையின் கையில் ஆடிய ஆட்டத்தில் நம் வீட்டு உண்மையே புகுந்திருக்கிறது.

அக்காலத்தில் ஐந்து வயதானால் திண்ணைப் பள்ளிக்கூடம். வித்தியாரம்பத்தில் அரிசியில் பிடித்து எழுதிய விரலை, மறுநாளிலிருந்து மணலில் வைத்து அழுத்துவார் அண்ணாவி என்னும் ஆசிரியர். எழுத்து விரலில் ஏறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். சற்று மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாகிச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த மணல் மேற்கொண்ட யாத்திரையே ஒரு விசித்திரமான கதை. சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். சட்டாம்பிள்ளை முறையும் மணல் தட்டும் இங்கிலாந்தெங்கும் பரவின. 1815க்குப் பின் பிரான்சிலும் அம்முறைப் பள்ளிகள் தோன்றி, அங்கே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் மணற்பலகையில் எழுதப் பழகினர். வில்லியனூரும் பாகூரும் 1749இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தவை. இடையில் கைமாறி மறுபடி அவர்களிடமே சேர்ந்தவை. ஆகவே ஆளப்பட்ட ஊரின் திண்ணையில் கிடந்த மணலும், ஆண்டவர்களுடைய தலைநகரத்துப் பள்ளியில் கிடந்த மணலும் ஒரே காலத்தில் ஒரே பாடத்தைப் புகட்டின! பின்னர் 1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவவேண்டும் என்று நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, அதைப் புதுமை என்று வியந்தவர்களின் தகப்பனார்கள் மணலில் எழுதியவர்களே.

சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகளை 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்க உத்தரவிட்டார். ஆய்வாளர் தரம்பால் அக்கணக்குகளை 1983இல் நூலாக்கினார். கணக்கு மாகாண எல்லையோடு நின்றுவிட்டதால், தென்னார்க்காட்டுத் திண்ணைகள் அதில் இடம்பெற, அடுத்த வரப்பிலிருந்த பிரெஞ்சு ஆட்சிப்பகுதித் திண்ணைகள் விடுபட்டுப்போயின. ஒன்றை மறைக்கலாகாது. அத்திண்ணை எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் இடம் கொடுக்கவில்லை. ஏரிக்கரைக்கு அப்பால் சேரியில் பிறந்த பிள்ளைக்கு மணல் இருந்தது, அண்ணாவி இல்லை. பெண்பிள்ளைக்குச் செப்புச் சாமானோடு படிப்பு முடிந்தது. பழைய கல்வியைப் புகழ்கிறவர்கள் இவ்விடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

ஆகாரத்திலும் அப்படியே. மாட்டுப்பால் இல்லாமல் பிள்ளை வளர்ப்பதை இக்காலத்தில் ஒரு நவீனக் கொள்கையாகக் கருதுகிறார்கள். இவ்வூர்களின் கூலிக்குடும்பங்களில் அது கொள்கையாக அன்று, கதியாக இருந்தது. தாய்ப்பால் மறந்த பிள்ளைக்குப் பசும்பால் என்பது பசு உள்ள வீட்டு நியாயம். பசு உள்ள வீட்டிலும் கறந்த பாலில் பெரும்பங்கு காசாக வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ்நாட்டுப் பட்டணங்களைப் பிடித்துக்கொண்ட வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார், அந்தக் காப்பிக்குப் பால் சுற்றுக் கிராமங்களிலிருந்துதான் போகவேண்டும். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் இயற்றிய பாப்பாப் பாட்டிலே பசுவும் பாலும் எத்தனை வாஞ்சையோடு வருகின்றன என்பது யாவரும் அறிந்தது. அப்பாட்டைப் பின்னாளில் பள்ளியிலே பாடிய பாகூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அன்று காலையில் பால் கிடைத்திருக்கும்? இந்தியா முழுமைக்கும் சேர்த்து 1950-51இல் தலைக்கு ஒரு நாளுக்குக் கிடைத்த பாலே 130 கிராம்தான்.

அந்த இடத்தை நிரப்பியது கேழ்வரகு. இப்பக்கத்துப் பேச்சில் ‘கேவுரு’. அதைப் பாலாக்கும் விதம் நிதானமாகப் பார்க்கத்தக்கது. கல் அரித்துக் கழுவிய கேழ்வரகை முதல்நாள் ஊறவைத்து, நீர் வடித்து, வெள்ளைத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால், ஓரிரவு கழிந்ததும் தானியம் ஒவ்வொன்றிலும் வெண்மையான முளை எட்டிப்பார்க்கும். அதை அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ அரைத்து, நீர் விட்டுக் கரைத்து, பழைய வேட்டித்துணியில் ஊற்றிப் பிழிவார்கள்; உமி துணியில் தங்க, மங்கலான சாம்பல் வெண்மையில் இறங்குவதே கேழ்வரகுப் பால். சிறுதீயில் வைத்துக் கையெடுக்காமல் துழாவவேண்டும்; ஒரு கணம் அசந்தாலும் அடியில் கட்டி தட்டிவிடும். மெல்ல மெல்ல நிறம் கருத்துப் பளபளப்பேறி, துழாவும் அகப்பையின் தடம் சட்டியில் சற்று நின்று மறையும்போது பதம். ஒரு துண்டு பனைவெல்லம் தட்டிப்போட்டு இறக்கினால், ஆற ஆற மேலே மெல்லிய ஏடு படியும். அந்த ஏட்டை விரலால் வழித்துப் பிள்ளையின் நாக்கில் வைப்பது பாட்டிமாரின் உரிமை.

அரிசி நொய்க்கஞ்சி, பருப்புத் தண்ணீரில் பிசைந்த சோறு, இட்டலி, தேங்காய்ப்பால், கடற்கரையிலிருந்து கூடைக்காரிகள் கொண்டுவரும் நெத்திலிக் கருவாடு, கொல்லை முருங்கைக்கீரை ஆகியன இதற்குத் துணை. நம் நாட்டு உணவுச்சத்து அட்டவணைகள், 100 கிராம் பசும்பாலில் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து என்றும், அதே அளவு கேழ்வரகில் 344, முருங்கைக்கீரையில் 440, எள்ளில் 1,450 என்றும் கூறுகின்றன. எண்ணைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. உலர்ந்த தானியத்தையும் திரவமான பாலையும் எடைக்கெடை ஒப்பிடுவது முழு நியாயமாகாது; தவிரவும் தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கிறது. முளைகட்டும்போது அத்தடை குறையும் என்பது ரசாயனம் சொல்லும் செய்தி. முளைகட்டினால் பிள்ளைக்குச் செரிக்கும் என்பதோ ஆட்டுக்கல்லருகே வழங்கிய செய்தி.

பால் சேராத பிள்ளைகளும் அன்றும் உண்டு. சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களைக் கூறும் பாலவாகடம், மாந்தத்தின் வகைகளுள் பால் மாந்தம் என்று ஒன்றைச் சொல்கிறது. அத்தகைய பிள்ளைக்குக் கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்பு முதலியவற்றை உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுவதே வீட்டு வைத்தியம். இரவில் வசம்பின் பெயரைச் சொல்லக்கூடாது என்று ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி, உலகத்து மக்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைப்பருவம் கழிந்தபின் குறைந்துவிடுகிறது. குறையாத தன்மை இந்தியாவின் வடமேற்கில் அதிகமாகவும் தெற்கே அரிதாகவும் காணப்படுகிறது. தென்னாட்டார் பாலைவிட மோரை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். புளித்த மோரில் அச்சர்க்கரை குறைவு. பாலிலுள்ள புரதமே ஒவ்வாமல் உடம்பு தடித்து மூச்சுத் திணறும் பிள்ளையின் கதை வேறு. அதற்கு மோரும் ஆகாது. அப்பிள்ளைக்கு உரைகல் போதாது, வைத்தியரே வேண்டும். வசம்பைக் கைக்குழந்தைக்குப் புகட்டுவதை இக்கால மருத்துவர் கண்டிப்பதிலும் நியாயம் உண்டு.

பிறகு காலம் திரும்பியது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கும் வழக்கத்தைப் பிரெஞ்சு நிர்வாகமே 1930இல் புதுச்சேரியில் தொடங்கியது. 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியால் பால் பெருகி, 2023-24இல் நாட்டில் தலைக்கு 471 கிராம் என்ற அளவை எட்டியது. கூட்டுறவுப் பால் நிறுவனமான பாண்லேயின் பாக்கெட் பாகூர்ப் பெட்டிக்கடைக்கும் வந்தது. 1975இல் நாட்டில் உருவான அங்கன்வாடியை ஊரார் இன்றும் பால்வாடி என்றே அழைக்கிறார்கள். வாடி என்பது தோட்டம், பால் என்பது அங்கே வடமொழி பாலனைக் குறிப்பது. ஆனால் தமிழ்க் காதுக்கு அது குடிக்கும் பாலாகவே ஒலித்தது, பிள்ளைக்குப் பால் கிடைக்கும் இடம் என்றே பலர் எண்ணினர். 2002இல் புதுச்சேரி அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பால் கொடுக்கும் திட்டத்தையே கொண்டுவந்தது. முன்பு பால் இல்லாத வீட்டின் அடையாளமாயிருந்த கேழ்வரகுக் கூழ், இன்று சத்துமாவு என்ற பட்டத்தோடு கண்ணாடி ஜாடியில் ஏறி, பாலைவிட அதிக விலைக்கு விற்கிறது.

பிள்ளைத்தமிழில் அம்புலிக்குப் பதினைந்தாம் மாதம் என்றேன். வீடுகளில் அது சோறூட்டும் நேரம். பாகூர் ஏரிக்கரை மேல் நிலா எழுந்ததும், வாசலில் பிள்ளையை இடுப்பில் இருத்தி, பருப்புஞ்சோற்றைக் கையில் குழைத்து உருட்டிக்கொண்டு, நிலாவைக் காட்டி ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய் என்று தாய் ஏமாற்றுகிறாள். பழைய சாசனங்களில், கொடுத்த தர்மம் சந்திர சூரியர் உள்ளவரை நிற்கவேண்டும் என்று எழுதுவது சம்பிரதாயம். வித்தியாஸ்தானம் என்றோ மறைந்துவிட்டது. சந்திரனை இவள் கூப்பிடுவது ஒரு கவளத்துக்காக. பிள்ளை அண்ணாந்து பார்த்து வாயைத் திறக்கிறது. சோறு உள்ளே போய்விடுகிறது.