வளர்ப்புப் பச்சோந்தி: சாந்தமானதைத் தேர்ந்தெடுத்த வரலாறு

மேலை நாடுகளில் வீட்டில் வளர்க்கப்படும் பச்சோந்திகள் தொடக்கத்தில் காடுகளிலிருந்தே பிடித்து வரப்பட்டன. நீர்ச்சத்துக் குறைந்தும் ஒட்டுண்ணிகளோடும் வந்து சேர்ந்த பல விரைவில் இறந்தன. பகலில் கண் மூடி அசையாமல் இருந்ததைச் சாந்தம் என நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தனர். அது நோயின் அறிகுறியாகும்.

1972இல் கென்யாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கு வந்த ஜாக்சன் பச்சோந்திகள் பயணத்தால் மெலிந்திருந்தன. உடல் தேறுவதற்காகத் தோட்டத்தில் விடப்பட்ட அவை தப்பிப் பெருகி, அங்கு அயல் இனமாக நிலைத்துவிட்டன. 1977இல் பச்சோந்திகள் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டதால் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1981இல் கென்யா ஏற்றுமதியைத் தடை செய்தது.

பின்னர், கூண்டிலேயே பிறந்த குஞ்சுகளை வாங்கும் வழக்கம் வளர்ந்தது. ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தி வளர்ப்பதற்கு எளிது; ஆனால் சீறும் இயல்புடையது. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி பொதுவாகச் சற்றுச் சாந்தமானது. எனினும் எந்த இனமும் கையில் எடுப்பதை விரும்புவதில்லை. ஆளைக் கண்டு நிறம் கறுக்காமல், விழித்த கண்களுடன் கிளையை இறுகப் பற்றி, இரையை நாவால் பிடிப்பதே புதியவருக்கு ஏற்றது.

இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றமாகும்.