கல்லூரி வளாகத் திருப்பலியில் மாணவர் பணிகள்

கத்தோலிக்கக் கல்லூரி வளாகங்களில் நடைபெறும் திருப்பலியில் மாணவர்கள் விரும்பி ஏற்கும் பணிகளுள் வாசகம் படித்தல், பீடப் பணி, பாடகர் குழு, முன்னுரையும் மன்றாட்டும் தயாரித்தல் ஆகியவை முதன்மையானவை. இவை குருவுக்குச் செய்யும் வெறும் உதவிகள் அல்ல. பீடப் பணியாளர், வாசகர், விளக்கவுரையாளர், பாடகர் ஆகியோர் ஆற்றுவது உண்மையான வழிபாட்டுப் பணியே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு கூறுகிறது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பொதுநிலை ஆண்களுக்குத் திறந்தார். பெண்களும் பீடப் பணி செய்யலாம் என்று 1994இல் உரோமை தெளிவுபடுத்தியது. அனுமதிப்பது அந்தந்த ஆயரின் முடிவு. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் ஆகிய இரு பணிகளிலும் பெண்களை நிலையாக நியமிக்க வழிசெய்தார். மாணவர்கள் பெரும்பாலும் இப்படி நிலையாக நியமிக்கப்படுவதில்லை. திருச்சபைச் சட்டம் அனுமதிக்கும் தற்காலிகப் பொறுப்பிலேயே பணியாற்றுகின்றனர்.

வாசகர் முதல் வாசகத்தையும், ஞாயிறு, பெருவிழா நாள்களில் இரண்டாம் வாசகத்தையும் படிக்கிறார். நற்செய்தி வாசிப்பது திருத்தொண்டருக்கோ குருவுக்கோ உரியது. பாடகர் குழு பதிலுரைத் திருப்பாடலில் சபையை வழிநடத்துகிறது. பீடப் பணியாளர் சிலுவை, மெழுகுதிரி, தூபக்கலசம் ஏந்துகிறார். அப்ப இரசக் காணிக்கையின்போதும் குரு கை கழுவும்போதும் துணைநிற்கிறார். தமிழகத்தில் திருப்பலி முன்னுரை படிக்கும் வழக்கம் பரவலானது. முன்னுரையையும் விசுவாசிகள் மன்றாட்டையும் எழுதும் மாணவர், தேர்வு, வேலை, குடும்பம், சமூக நீதி ஆகியவை பற்றிய தம் தலைமுறையின் கவலைகளைச் சபையின் செபமாக்குகிறார். நற்கருணை வழங்குவது தனி நிலை: 1973ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தேவையுள்ள இடங்களில் ஆயரின் அனுமதி பெற்றவரே அப்பணியைச் செய்யலாம்.

ஆலயத்தோடு அமைந்த கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினரால் தொடங்கப்பட்டு 1883இல் திருச்சிக்கு மாறியது; அதை ஒட்டி லூர்து அன்னை ஆலயம் உள்ளது. சென்னை இலயோலா கல்லூரி (1925) வளாகத்தில் கிறிஸ்து அரசர் ஆலயம் உள்ளது.

எல்லா மாணவருக்கும் இத்தகைய வளாகம் வாய்ப்பதில்லை; கல்வராயன் மலைப் பகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் ஓர் எடுத்துக்காட்டு. இது புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டப் பகுதி. இங்கு அரசுக் கல்லூரிகளில் படிக்கும் கத்தோலிக்க மாணவருக்குப் பங்கு ஆலயமே இப்பணிகளின் களம். முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் உறுப்பு. அரசின் ஏற்போ உதவியோ பெறும் கல்லூரியிலும், ஒப்புதலின்றி எவரையும் வழிபாட்டில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே உறுப்பு உறுதிசெய்கிறது. ஆகவே, கத்தோலிக்கக் கல்லூரியிலும் இப்பணிகள் மாணவரின் சொந்த விருப்பத்தின் பேரிலேயே அமைகின்றன.