தொண்ணூறு நொடிகளும் ஒரு மரமும்

அனிமே தொடர் ஒன்றின் தொடக்கப் பாடலைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசலாமா என்று முதலில் சற்றுத் தயங்கினோம். ஒன்றரை நிமிடம் ஓடி, ஒவ்வொரு வாரமும் மாறாமல் திரும்ப வருகிற பகுதி அது. பலரும் தேநீர் எடுத்துவர எழுந்து செல்லும் நேரம். ஆயினும் 'நியான் ஜெனெசிஸ் இவாஞ்சலியன்' தொடரின் தொடக்கக் காட்சிக்கு ரசிகர்கள் எழுதிக் குவித்த உரைகளைப் பார்த்தபோது தயக்கம் நீங்கிற்று. ஆசிரியன் கருதாத பொருளை வாசகன் காண்பது முறையா என்று நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா, அங்கே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்கப்பட்டிருக்கிறது.

முதலில் செய்திகள். ஹிதேயாகி அன்னோ இயக்கி, கைனாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இத்தொடர், 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை ஜப்பானில் 26 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஷின்ஜி என்னும் பதினான்கு வயதுச் சிறுவனை, அவனைக் கைவிட்டிருந்த தந்தை திடீரென்று அழைத்து, பேருருவ எந்திரம் போன்ற ஒன்றினுள் அமர்த்தி, 'தேவதூதர்' எனப்படும் விசித்திர உயிர்களோடு போரிடச் செய்கிறார் என்பது கதை. தலைப்பில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு நற்செய்தி என்று பொருள். கதையிலோ நற்செய்தி அரிது.

தொடக்கக் காட்சி ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே, வட்டங்களும் அவற்றை இணைக்கும் பாதைகளுமாக ஒரு வரைபடம் திரையில் எழுகிறது. அது யூத மறைஞான மரபாகிய கபாலாவின் உயிர் மரம். பத்து செபிரோத்துகளும், எபிரேய எழுத்துகளின் எண்ணிக்கைக்கு நிகரான 22 பாதைகளும் கொண்டது. ரசிகர்கள் அதை இனம் கண்டதோடு நிற்கவில்லை. ரோமில் வாழ்ந்த ஜெர்மானிய இயேசு சபைத் துறவி அதனாசியஸ் கிர்ச்சர் 1650களில் வெளியிட்ட பெருநூலில் அதன் மூலப்படத்தைத் தேடிச் சென்றனர். மரத்தைத் தொடர்ந்து ஷின்ஜியின் முகம், ஒளிச்சிறகு விரிக்கும் எந்திரம், வெள்ளை எழுத்துகள் எனப் படங்கள் வருகின்றன. இறுதி நொடிகளில் கண் பற்றிக்கொள்ள முடியாத விரைவில், தாளத்துக்கு ஒன்றாக அவை வெட்டி மறைகின்றன.

இந்த விரைவே ரசிகர்களை ஒளிநாடாவை நிறுத்திப் பார்க்க வைத்தது. நிறுத்தியவர்கள் கண்டதற்குப் பொருள் கூறினர். மரம் முதலில் வருவதால் கதை முழுவதும் ஆன்மாவின் ஏற்றமே என்றனர் சிலர். பத்து வட்டங்களுக்கும் பத்துப் பாத்திரங்களைப் பொருத்தி அட்டவணை இட்டனர் வேறு சிலர். ஒளிச்சிறகு கதை முடிவின் முன்னறிவிப்பு என்றனர் இன்னும் சிலர்.

2001இல் அமெரிக்க ரசிகர்களின் வினாக்களுக்கு விடையளித்த துணை இயக்குநர் கசுயா சுருமாகி, இவ்வுரைகளின் அடித்தளத்தையே அசைத்தார். ஜப்பானில் பேருருவ எந்திரத் தொடர்கள் ஏராளம். தங்கள் தொடர் தனித்துத் தெரிய வேண்டும் என்று சமயச் சின்னங்களைச் சேர்த்தார்களாம். கிறித்தவம் அங்கே பரவலான சமயம் அன்று. ஆகவே அது மர்மமாகத் தோன்றும் என்று எண்ணினார்களாம். உழைத்தவர்களில் கிறித்தவர் எவரும் இல்லை, குறிப்பிட்ட சமயப் பொருளும் இல்லை, சின்னங்கள் பார்க்க நன்றாக இருந்தன என்பதே அவர் கூற்றின் சாரம். அன்று தொட்டு, யாரேனும் புதிய உரை எழுதினால் இக்கூற்றை எடுத்துக்காட்டி வாயடைப்பது வழக்கமாயிற்று.

ஆனால் விவாதம் அங்கே முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. இத்தொடரை ஆக்கியவர்கள் யார் என்று நோக்குவோம். கைனாக்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1981இலும் 1983இலும் ஓசாகாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடுகளுக்காக, அன்னோ உள்ளிட்ட மாணவர் குழு இரு சிறு அசைவுப்படங்களைச் செய்தது. அவையும் தொடக்கப் படங்களே. இரண்டாவதில் நூற்றுக்கணக்கான பாத்திரங்களும் ஊர்திகளும் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. எத்தனையைப் பார்வையாளர் இனம் காண்கிறார் என்பதே அதன் இன்பம். நிறுத்திப் பார்க்கும் கண்ணுக்காகப் படம் செய்யப் பழகிய கைகளே 1995இன் தொடக்கக் காட்சியையும் செய்தன. சின்னத்துக்குள் சித்தாந்தம் இல்லாதிருக்கலாம். தேடு என்னும் அழைப்பு அதன் வடிவத்திலேயே இருந்தது.

அடுத்தது முன்னறிவிப்புக் கோட்பாடு. 1997 ஜூலையில் வெளிவந்த 'இவாஞ்சலியனின் முடிவு' திரைப்படத்தில் ஒன்பது எந்திரங்கள் ஷின்ஜியின் எந்திரத்தைச் சூழ்கின்றன. பத்தும் சேர்ந்து வானில் அதே உயிர் மரத்தை அமைக்கின்றன. ரசிகர்கள் வென்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் ஒளிபரப்புக்கு முன், 1995 ஜூலையில் எழுதிய குறிப்பொன்றில் அன்னோ, கதை எங்கே முடியும், ஷின்ஜி என்ன ஆவான் என்று தமக்கே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவு அறியாதவர் முழுமையாக முன்னறிவிப்பது எங்ஙனம்? நாம் இப்படிக் கொள்கிறோம்: அழகுக்கென நட்ட மரத்தை ஈராண்டு கழித்து ஆக்கியோரே திரும்பிப் பார்த்து, அதற்குப் பொருள் தந்தனர். தம் தொடக்கக் காட்சிக்கு அவர்களும் உரையாசிரியர் ஆயினர்.

பாடலின் கதை இன்னும் வியப்பானது. யோகோ தகாஹாஷி பாடிய அப்பாடலை எழுதியவர் நெகோ ஒய்காவா. தொடரை முழுதும் பாராமல், திட்டக் குறிப்பைப் படித்து, ஓரிரு பகுதிகளை விரைவாக ஓட்டிப் பார்த்து எழுதியதாக அவரே பின்னர் நேர்காணலில் கூறியிருக்கிறார். பாடலில் ஒரு பெண்குரல் சிறுவன் ஒருவனை விளித்துப் பேசுகிறது. அது ஷின்ஜியின் இறந்துபோன தாய் யுய்யின் குரல் என்பர் ரசிகர்கள்; அவளது ஆன்மா அந்த எந்திரத்துள் உறைகிறது என்பது பின்னரே வெளிப்படும் செய்தி. பாடலாசிரியர் அதை அறிந்து எழுதியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆயினும் கதை முழுவதையும் அறிந்தபின் கேட்கும் எவருக்கும் அப்பொருள் பொருந்தவே செய்கிறது. கவி கருதிப் பொதிந்து வைப்பதே உள்ளுறை என்று வகுப்பில் சொல்லிவரும் நமக்கு, இது எளிதில் கடந்துவிட முடியாத சான்று.

எல்லா உரையும் ஏற்புடையது என்பதன்று இதன் பொருள். பத்து வட்டங்களுக்குப் பத்துப் பெயர் பொருத்தும் அட்டவணை, படத்தைப் பூட்டாகவும் தன்னைச் சாவியாகவும் கருதுகிறது. சுருமாகியின் ஒரு சொல்லில் அது சரிந்துவிடும். தாயின் குரலைக் கேட்கும் உரையோ படைப்பின் உள்ளிருந்து எழுகிறது. அதைச் சரிக்க யார் வாக்குமூலமும் போதாது.

இந்த வேறுபாட்டில் உண்மையாகவே ஒரு பணயம் இருந்தது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்யோ அமைப்பினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினர். பௌத்தம், யோகம், விவிலியத்தின் இறுதிக்கால வெளிப்பாடு ஆகியவற்றிலிருந்து துண்டுகளைப் பொறுக்கிக் கட்டிய சமயம் அது. அத்துண்டுகளை மறைபொருளாக நம்பியவர்கள் கொல்லவும் துணிந்தனர். தொடர் வந்தது ஏறத்தாழ ஆறரை மாதம் கழித்து. பெருங்கதைகள் மறைந்த காலத்தில் ரசிகர்கள் துண்டுகளைச் சேகரித்து நுகர்கின்றனர் என்று 2001இல் எழுதிய ஹிரோகி அசுமாவும் இத்தொடரையே சான்றாகக் காட்டினார். பொருளுக்கான பசி எல்லோருக்கும் உண்டு. சின்னத்துக்கு அடிமையாகாமல் அதனோடு உரையாடத் தெரிவதே வாசகப் பயிற்சி.

1996இல் தொடரின் இறுதி இரு பகுதிகள் ஷின்ஜியின் மனத்துக்குள்ளேயே நிகழ்ந்து முடிய, ரசிகர்கள் சினந்து மடல்கள் எழுதினர், மிரட்டல்களும் இருந்தன. 1997 திரைப்படத்தின் ஓரிடத்தில் அம்மடல்களே கண்ணிமைக்கும் நேரம் திரையில் தோன்றி மறைகின்றன. படத்தை நிறுத்தினால்தான் படிக்க முடியும். மறைபொருள் தேடி நிறுத்திய ரசிகர், அங்கே தம் கையெழுத்தைக் கண்டார்.