முறையீட்டின் முகவரி: இந்திய உயர்கல்வியில் மாற்றுத்திறனாளி மாணவர் உரிமை, 1995–2024

இந்தியப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர் தமக்கு இழைக்கப்படும் பாகுபாட்டை யாரிடம் முறையிடுவது என்ற கேள்விக்குச் சட்டம் அளித்துவந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், உரிமை முதலில் எழுதப்பட்டதும், அதைக் கேட்டுப் பெறும் வழி காலம் கடந்து, பெரும்பாலும் பிறருக்கென வகுத்த ஏற்பாடுகளின் ஓரத்தில் இடம்பெற்றதும் தெரியவரும்.

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. ஆனால் இவ்வொதுக்கீட்டைக் கூறும் 39-ஆம் பிரிவு கல்வி இயலில் இல்லாமல் வேலைவாய்ப்பு இயலுக்குள் வைக்கப்பட்டிருந்ததால், அது மாணவர் சேர்க்கையைக் குறிக்கவில்லை என்ற வாதம் எழுந்து, சேர்க்கையையே குறிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் விளக்க வேண்டியதாயிற்று. இடம் கிடைத்தாலும் வகுப்பறைக்குள் போவது வேறு கதை. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலியில் வருவோருக்கு ஏற்ற கழிப்பறை, மின்தூக்கியில் பிரெயில் குறியீடு ஆகியவற்றைக் கோரிய 46-ஆம் பிரிவு, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொற்களோடு தொடங்கியது. கடமையைச் சொன்ன வாக்கியத்திலேயே அதைத் தட்டிக்கழிக்கும் வழியும் இருந்தது. முறையீடுகளைக் கேட்க முதன்மை ஆணையரும் மாநில ஆணையர்களும் இருந்தனர் எனினும், அவர்களது பணி குறையை உரிய அதிகாரிகளிடம் எடுத்துச்செல்வதாகவே வரையறுக்கப்பட்டிருந்தது.

வளாகத்துக்குள்ளேயே முறையிட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகளில் உருப்பெற்றது. சாதி, மதம், மொழி, பாலினம் ஆகியவற்றோடு உடற்குறைபாட்டையும் பாகுபாட்டின் அடிப்படையாக ஏற்ற அவை, சம வாய்ப்பு மையத்தையும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரையும் கோரின. அந்த அலுவலர் அதே நிறுவனத்தின் ஊழியர், மேல்முறையீட்டைக் கேட்பவர் அதே நிறுவனத்தின் தலைவர் என்பது இவ்வமைப்பின் பெரிய பலவீனம்.

2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 21 ஆகவும் உயர்கல்வி ஒதுக்கீட்டை 5 விழுக்காடாகவும் உயர்த்தியது. ஆணையரின் பரிந்துரையை ஏற்காத நிறுவனம் மூன்று மாதங்களுக்குள் காரணம் கூற வேண்டும் என்றும் விதித்தது. எனினும் பழைய பிழை வேறு உருவில் திரும்பியது. அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலரை நியமித்து, முறையீட்டை இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும் என்னும் 23-ஆம் பிரிவு, பணியில் காட்டப்படும் பாகுபாட்டைப் பற்றியது. ஆகவே ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியருக்குக் கிடைக்கும் இவ்விரைவு வழி, அவரிடம் பயிலும் மாணவருக்கு அப்பிரிவின்படி கிடைப்பதில்லை.

2006-இல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில் 2017 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களோடு கட்டட வசதியையும் கற்பிக்கும் முறையையும் சேர்த்தே ஆராய்ந்தது. ஆனால் தாமதமாகக் கேட்கப்படும் முறையீடு எதைத் திருப்பித் தரும் என்பதற்கு 2021-ஆம் ஆண்டின் நீட் தேர்வே சான்று. எழுதுவதில் இடர்ப்பாடு தரும் டிஸ்கிராஃபியா என்னும் குறைபாடுள்ள மாணவிக்குச் சட்டப்படி உரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையம் மறுத்தது. அநீதி நேர்ந்ததை ஏற்ற உச்ச நீதிமன்றம், மறுதேர்வுக்கு ஆணையிடாமல், பரிகாரம் என்ன என்பதை ஒரு வாரத்துக்குள் ஆராயுமாறு தேசியத் தேர்வு முகமையைப் பணித்தது.

இப்பின்னணியில் 2024 நவம்பர் 8 அன்று வெளிவந்த ராஜீவ் ரதூரி வழக்கின் தீர்ப்பு முக்கியமானது. எவரும் கேட்பதற்கு முன்பே எல்லோருக்குமாகச் செய்துவைக்க வேண்டியது அணுகல்தன்மை. ஒருவர் தம் தேவையைக் கூறிய பின் அவருக்கென்று செய்து தருவது நியாயமான இணக்க ஏற்பாடு. ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழக மையம் அளித்த அறிக்கையைக் கருத்தில் கொண்ட நீதிமன்றம், இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, அணுகல்தன்மைக்கான தரநிலைகளை வெறும் வழிகாட்டுதல்களாக விட்டிருந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 15(1)-ஆம் விதி அச்சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. சாய்தளம் இல்லாததை மாணவர் புகாராக எழுதித் தர வேண்டிய நிலையை இத்தீர்ப்பு மாற்ற முனைந்தது. 23-ஆம் பிரிவைத் தொடவில்லை, அது வேலைவாய்ப்பு இயலிலேயே இருக்கிறது.