‘அல்லேலூயா’வின் பாடபேதங்கள்: லெனார்ட் கோஹனின் புகழும் பிறர் குரல்களும்

சொல்லும் மெட்டும் தாமே அமைத்துத் தாமே பாடும் கலைஞர் ஒருவரின் மதிப்பு காலப்போக்கில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணம் தேடுவோர், அவருடைய பாடல்களைப் பிறர் பாடியதையே பெரும்பாலும் முதலில் சுட்டுவர். ஒருவர் பாடி வெளியிட்ட பாடலை மற்றொருவர் தம் குரலில் மீண்டும் பதிவு செய்வது ‘கவர்’ எனப்படும். கனடாவின் மான்ட்ரியாலில் பிறந்த லெனார்ட் கோஹன் (1934–2016) இவ்வகை விளக்கத்துக்கு ஓயாமல் எடுத்துக்காட்டப்படுபவர். கவனிப்பாரற்றுக் கிடந்த அவரது ‘அல்லேலூயா’வைப் பிறர் பாடிக் கரைசேர்த்தனர், அதைப் பற்றிக்கொண்டு அவரும் கரையேறினார் என்பது ரசிகர்களிடையே நிலைபெற்றுவிட்ட வரலாறு. அவ்வரலாற்றில் உண்மை உண்டு என்றாலும் அது பாதி உண்மையே. பிறர் குரல்கள் கோஹனைப் பரப்பியபோதே எந்தக் கோஹன் பரவ வேண்டும் என்பதையும் முடிவு செய்தன என்பதும், அம்முடிவு குரலின் இனிமையைக் காட்டிலும் சரணங்களைக் கூட்டியும் கழித்தும் அமைத்த பதிப்பு வேலையாலேயே நேர்ந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

கோஹன் தொடக்கம் முதலே பிறர் வாயிலாக அறியப்பட்டவர். 1956இல் முதல் கவிதைத் தொகுப்பையும் 1966இல் ‘பியூட்டிஃபுல் லூசர்ஸ்’ நாவலையும் வெளியிட்டிருந்த அவர் பாடகராக அறிமுகமாகும் முன்பே, ஜூடி காலின்ஸ் 1966இல் ‘சூசன்’ பாடலைப் பதிவு செய்துவிட்டார். கோஹனின் முதல் இசைத்தட்டு வந்தது 1967 டிசம்பரில்தான். மறுபுறம், 1969இல் அவர் பாடிய ‘தி பார்ட்டிசன்’ அவருடையதே அன்று. இரண்டாம் உலகப்போரின்போது நாஜி எதிர்ப்புப் போராளிகளுக்காக அன்னா மார்லியின் இசையிலும் எம்மானுவேல் தஸ்தியேயின் பிரெஞ்சுச் சொற்களிலும் உருவாகி, பின்னர் ஹை ஜாரெட்டின் ஆங்கில வடிவம் பெற்ற பாடல் அது. பிறர் பாடலைத் தமதாக ஒலிக்கச் செய்யும் வித்தை கைவரப்பெற்ற ஒருவருடைய பாடல்கள் பிறருடையனவாக ஒலிக்கத் தொடங்கியபோது, அதை வெறும் பறிபோதலாகக் கருத இடமில்லை.

1984இல் ஜான் லிஸாவர் தயாரிப்பில் உருவான ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ தொகுப்பில்தான் ‘அல்லேலூயா’ முதலில் இடம்பெற்றது. அத்தொகுப்பை அமெரிக்காவில் வெளியிடக் கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட, வேறொரு சிறு நிறுவனமே அங்கு அதைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் அவருக்கு ரசிகர் கூட்டம் இருந்தபோதிலும், ஆங்கில இசைப் பத்திரிகைகளில் சோகப் பாட்டுக்காரர் என்ற கேலிச் சித்திரமே எழுபதுகளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கோஹனின் ஒலிப்பதிவுக்கூட வடிவத்தில் நான்கு சரணங்கள் உண்டு. தாவீது மன்னனின் இசையில் தொடங்கி, விவிலியக் கதைகளிலிருந்து பெறப்பட்ட வீழ்ச்சியைச் சொல்லி, இறைவன் பெயரைத் தவறாக எடுத்த குற்றச்சாட்டுக்கு விடையளித்து, தம்மால் இயன்றதைச் செய்துவிட்ட ஒருவன் இறைவன் முன் துதியோடு நிற்பதில் அது முடிகிறது. 1988இல் மேடையில் பாடியபோது அவர் முன் மூன்று சரணங்களையும் அகற்றி, உடல் நெருக்கமும் கசப்பும் கலந்த மூன்று புதிய சரணங்களை வைத்தார். இறுதிச் சரணத்தை மட்டும் விட்டுவிடவில்லை. ஆசிரியரே இரு பாடங்களை உலவவிட்டிருந்த இந்நிலையில், 1991இல் பிரெஞ்சு இதழான ‘லே ஆன்ராக்குப்டிப்ல்’ முன்னின்று வெளியிட்ட ‘ஐம் யுவர் ஃபேன்’ என்னும் சிறப்புத் தொகுப்புக்காக இசைக்கலைஞர் ஜான் கேல் இப்பாடலை எடுத்துக்கொண்டார். வரிகளை அவர் கேட்டபோது கோஹனிடமிருந்து தொலைநகலில் பக்கம் பக்கமாகச் சரணங்கள் வந்துசேர்ந்தன. அவற்றிலிருந்து கேல் தேர்ந்தவை ஐந்து: பழைய வடிவத்தின் முதல் இரண்டு, மேடை வடிவத்தின் புதிய மூன்று. இரு பாடங்களுக்கும் பொதுவாக இருந்த அந்த இறுதிச் சரணத்தை அவர் விட்டுவிட்டார்.

இந்த ஒரு நீக்கம் பாடலின் பொருளையே திருப்பிவிடுகிறது. தோற்றவன் தோல்வியோடே இறைவன் முன் நிமிர்ந்து நிற்பதாக முடிந்த பாடல், காதலில் உடைந்தவனின் குளிர்ந்த பெருமூச்சாக முடியத் தொடங்கியது. இசையும் அதற்கேற்ப மாறியது: கோஹனின் பதிவில் இருந்த மின்னிசையும் தாளக்கருவியும் குழுக்குரலும் போய், ஒற்றைப் பியானோவும் ஒற்றைக் குரலுமே எஞ்சின. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடம் காண முயலும் பதிப்பாசிரியர் இரு பாடங்களிலும் உள்ள பகுதியையே உறுதியானதாகக் கொள்வார். கேல் செய்தது அதற்கு நேர்மாறு. ஆயினும் வழக்கில் நின்றது அவருடைய பாடமே. ஜெஃப் பக்லி 1994இல் ‘கிரேஸ்’ தொகுப்பில், ஒரு மூச்சொலியில் தொடங்கி மின்கித்தார் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு பாடியது கேலின் அந்த ஐந்து சரணங்களைத்தான். 1997இல் பக்லி மெம்ஃபிஸ் நகரில் ஆற்றில் மூழ்கி இறந்தபின் அவ்வொலிப்பதிவின்மீது இரங்கற்பாவின் சாயல் படிந்தது. 2001இல் வெளியான ‘ஷ்ரெக்’ என்னும் சிறுவர் படத்தில் கேலின் பதிவு சுருக்கப்பட்டு ஒலித்தது. அப்படத்தின் இசைத்தட்டிலோ ரூஃபஸ் வெயின்ரைட்டின் குரல் இருந்தது.

2008ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் இப்பாடத் தெரிவு வெளிப்படையான பூசலாக வெடித்தது. பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபாக்டர்’ தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க், இப்பாடலைக் குழுக்குரல் முழங்கும் உச்சத்தோடு பாடி வெளியிட, அதை முதலிடம் பெறவிடாமல் தடுக்கும் நோக்கில் பக்லியின் பதிவை வாங்குமாறு ரசிகர்கள் இயக்கமே நடத்தினர். பர்க் முதலிடத்திலும் பக்லி இரண்டாமிடத்திலும் நிற்க, கோஹனின் சொந்தப் பதிவு 36ஆம் இடத்தைத் தொட்டது. தூய்மையின் பெயரால் பக்லி ரசிகர்கள் காத்துநின்ற ‘அசல்’, கேலின் தொகுப்பைப் பின்பற்றிய கவர் என்பதையும், பாடலை எழுதியவர் அப்போது 74 வயதில் உயிரோடு மேடையேறிக்கொண்டிருந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அசல் என்பது காலத்தால் முந்தியது என்ற பொருளை இழந்து, கேட்பவர் முதலில் மனம் பறிகொடுத்த பதிவு என்ற பொருளுக்கு வந்துவிட்டது புலனாகும்.

கருநாடக இசையுலகம் இச்சிக்கலை வேறு வகையில் அறியும். ஒரு கீர்த்தனை எந்தக் குருவழியில் எவ்வடிவில் வந்தது என்பதைக் குறிக்கும் ‘பாடாந்தரம்’ அங்கு மதிப்புக்குரிய வேறுபாடு; தியாகராஜரின் குரல் பதிவாகவில்லையாதலால், இன்றைய பாடகர் எவரையும் அதோடு ஒப்பிட்டுக் குறைசொல்ல வழியில்லை. கோஹனிடமோ மூலப் பதிவு கைவசம் இருந்தும் அது தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைப் பெறவில்லை. அமெரிக்கச் சட்டமும் இதற்கு ஒருவகையில் துணைநின்றது: ஒருமுறை ஒலிப்பதிவாக வெளிவந்த பாடலை, உரிய கட்டணம் செலுத்தி எவரும் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு 1909 முதல் அங்கு நடைமுறையில் உள்ளது. மேலும், பக்லியின் பதிவு மெல்லப் பரவிய தொண்ணூறுகளில் கோஹன் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த பால்டி மலையிலுள்ள ஜென் மடத்தில் ஐந்தாண்டுகள் போலத் தங்கி, 1996இல் துறவியாகத் தீட்சையும் பெற்றார். ஆசிரியர் அகன்றிருந்த மேடையில் பாடல் தன் போக்கில் வளர்ந்தது.

இவ்வளர்ச்சியில் இழப்பும் உண்டு. கவர்கள் அனைத்தும் கோஹனை ஒரே திசைக்குத் தள்ள வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கு ஜெனிஃபர் வார்ன்ஸின் ‘ஃபேமஸ் புளூ ரெயின்கோட்’ தொகுப்பே சான்று. கோஹன் 1988இல் ‘ஐம் யுவர் மேன்’ தொகுப்பில் பாடும் முன்பே ‘ஃபர்ஸ்ட் வீ டேக் மன்ஹாட்டன்’ பாடலை வார்ன்ஸ் அதில் வெளியிட்டிருந்தார். அப்பாடலில் தெரிபவர் மிரட்டலும் எள்ளலும் அரசியலும் கலந்த கோஹன். ‘அல்லேலூயா’வால் வந்து சேர்ந்த பெருந்திரளான ரசிகர்களுக்கு அந்தக் கோஹன் பெரும்பாலும் அந்நியர். திருமணத்திலும் நினைவஞ்சலியிலும் கண்மூடிக் கேட்கத்தக்க ஞானியாக அவரை ஆக்கிய புகழ், தம்மையே கேலி செய்துகொள்ளும் வறண்ட நகைச்சுவையை ஓரங்கட்டிவிட்டது. அந்நகைச்சுவை இன்றி அவருடைய பக்தியும் முழுமையாக விளங்காது.

மேலாளர் ஒருவரின் முறைகேட்டால் ஓய்வுக்காலச் சேமிப்பை இழந்திருந்த கோஹன், 2008 மே மாதம் மீண்டும் பயணக் கச்சேரிகளைத் தொடங்கியபோது, பிறர் பதிவுகளால் பாடலை அறிந்தவர்களே அரங்குகளில் கணிசமாக இருந்திருப்பர். அவ்வாண்டு ஜூலையில் லண்டனில் பதிவாகி 2009இல் வெளியான கச்சேரியில் அவர் பாடிய வடிவம், 1984இன் தொடக்கச் சரணங்களையும் 1988இன் சரணங்களையும் கேல் இணைத்த முறையிலேயே இணைத்துச் செல்கிறது. ஆசிரியரே தம் பாடலின் கவர் பாடத்தை ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு இது. ஆனால் கேல் நிறுத்திய இடத்தில் அவர் நிறுத்தவில்லை. கைவிடப்பட்ட இறுதிச் சரணத்தை மீண்டும் சேர்த்தே பாடலை முடித்தார்.