ஒளியால் விழிக்கும் மருந்து

கார்போகரிசியை அரைத்து வெண்புள்ளிகளின்மேற் பூசி, நோயாளியை இளவெயிலில் இருத்தும் வழக்கம் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாய் உண்டு. மருந்து மட்டும் போதாது, வெயில் மட்டும் போதாது. இரண்டுங் கூடினாலன்றிப் பயனில்லை என்பதை அவ் வைத்தியர்கள் கண்ணாற் கண்டறிந்தனர். இதனைக் கொண்டு, மேனாட்டார் கண்டதெல்லாம் நம் முன்னோர் கண்டதே என்று மார்தட்டுவாரும் உளர். அது பொருந்தாது. வெண்புள்ளி வேறு, புற்றுநோய் வேறு. கார்போகரிசி தொழிற்படும் முறையும் வேறு. காரணத்தைத் தேடிச் சென்ற கதை ஜெர்மனி தேசத்தில் தொடங்குகின்றது.

மியூனிச் நகரில் ஹெர்மன் வான் தப்பைனர் என்னும் பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர் பயின்று வந்தார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடிய காலம் அது. அக்ரிடின் என்னும் சாயப்பொருள், செருப்பு வடிவான நுண்ணுயிர்களை எவ்வளவு நேரத்திற் கொல்லும் என அளப்பதே மாணவருக்கிட்ட வேலை. ஒரே அளவு மருந்து. ஆனால் ஒருநாள் அவை விரைவில் மடிந்தன, மற்றொருநாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. இடிமழையால் வானம் இருண்டிருந்த நாளிலேதான் அவை பிழைத்தன என்று சொல்லப்படுகின்றது. கணக்குப் பொருந்தவில்லையென்று அந்நாளின் குறிப்பைக் கிழித்தெறிந்திருப்பின் கேட்பார் யாருமில்லை. ராப் அவ்வாறு செய்யாது வேறுபாட்டின் காரணத்தைத் துருவினார். கொன்றது சாயமும் வெளிச்சமுங் கூடிய கூட்டே என்று 1900இல் வெளியிட்டார். 1903இல் தப்பைனரும் ஜெசியோனெக்கும் இயோசின் என்னும் சாயத்தைத் தோற் புற்றின்மேற் பூசி ஒளி பாய்ச்சினர். இதற்குப் பிராணவாயு இன்றியமையாதது என்பதும் 1904இல் விளங்கிற்று. ஒளியை உண்ட சாயம் தன் ஆற்றலைப் பிராணவாயுவுக்குக் கொடுக்க, அவ்வாயு வெறிகொண்டதுபோல் அருகிலுள்ள உயிரணுக்களைச் சிதைக்கின்றது.

1912இல் பிரீடரிக் மேயர்-பெட்ஸ் என்னும் மருத்துவர் செய்ததைக் கேளுங்கள். இரத்தத்திலிருந்து பெறப்படும் ஹெமட்டோபோர்பிரின் என்னும் பொருளில் 200 மில்லிகிராமைத் தம் நரம்பிலேயே செலுத்திக்கொண்டார். பின்னர் வெயில் பட்டதும் முகமுங் கைகளும் அடையாளந் தெரியாதவாறு வீங்கின. வெளிச்சத்தைப் பொறாத அந்நிலை மாதக்கணக்கில் நீடித்தது. பிறர் உடலைக் கருவியாக்காது தம் உடலையே தந்தார் அவர்.

நிற்க. இம்முறையை முறையான மருத்துவமாக்கியவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நிலையத்துத் தாமஸ் டாஹர்ட்டி. ஹெமட்டோபோர்பிரின் வழிவந்த மருந்தும் செவ்வொளியுங் கொண்டு 25 நோயாளரின் 113 கட்டிகளுக்குச் சிகிச்சை செய்து, அவற்றுள் 111 முழுதாகவோ ஓரளவாகவோ கரைந்தன என்று 1978இல் அறிவித்தார். 1993இல் கனடாவும் 1995இல் அமெரிக்காவும் போட்டோபிரின் என்ற அம்மருந்தை ஏற்றுக்கொண்டன. ஆயினும் குறைகள் உள. அச்செவ்வொளி சதையுள் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். அன்றியும், மருந்தேற்றவர் ஒரு மாதமேனும் வெயில் முகம் பாராதிருத்தல் வேண்டும். காகிதத்தில் இது சிறு விதி. பால்வெட்டுக்கும் புல்வெட்டுக்கும் விடியுமுன் புறப்படும் நம் தோட்டத்துப் பெண்ணுக்கோ, அது ஒரு மாதச் சம்பளம்.

இக்குறைகளை நீக்கவே நுண்தகடுகளை நாடினர் ஆராய்ச்சியாளர். உறைந்த ரப்பர்ப் பாலைக் கட்டியாக விட்டால் உள்ளே ஈரந் தங்கும். உருளையில் நெருக்கித் தகடாக்கினாற் பரப்பு மிகுந்து விரைவில் உலரும். பொருளின் பரப்பு மிகுந்தால் தொழில் மிகும் என்னும் அதே கணக்கு இங்கும் செல்லும். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் பிரித்தெடுத்த கிராபீன், ஓரணுக் கனமே உடைய கரித்தகடு. அதன் ஒரு கிராமின் இருபக்கப் பரப்பையுங் கணக்கிட்டால் 2630 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கருக்கு மேல்! அத்தகைய தகட்டில் மருந்தைப் பெருமளவு ஏற்றலாம். நீரில் தனித்து விட்டால் திரண்டு செயலிழக்கும் சாயமும் பரவி நிற்கும்.

அதனினும் வியப்பு, தகடே மருந்தாவது. தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் தாடையெலும்பை அன்று அரித்தது வெண்பாஸ்பரஸ். அதே தனிமத்தைப் பேரழுத்தத்தில் வைத்துப் பிரிட்ஜ்மன் 1914இல் கரும்பாஸ்பரஸ் ஆக்கிக் காட்டினார். நூறாண்டு கழித்து, 2015இல், சீனாவின் ஹெபெய் நகர் ஆராய்ச்சியாளர் அதனை மிக மெல்லிய தகடுகளாக உரித்து ஒளியூட்டியபோது, உண்ட ஒளித்துகள் நூற்றுக்கு ஏறத்தாழ 91 வீதம் அவ் வெறிகொண்ட பிராணவாயு பிறந்தது. எலிகளின் கட்டிகளிலும் பயன் தெரிந்தது. வேலை முடிந்தபின் அத்தகடு, உடல் தாங்கக்கூடிய பாஸ்பரஸ் ஆக்சைடுகளாகச் சிதைந்துவிடும்.

ஆனால் இச்சிதைவே இப்போது தலைவலியாகவும் உள்ளது. காற்றும் நீரும் ஒளியுஞ் சேர்ந்தால், மருந்துப் புட்டியிலேயே அது கெடத் தொடங்குகின்றது. கட்டியை அடையும்வரை கெடாமலும், அடைந்தபின் தங்காமலும் இருக்க எவ்வாறு உறையிடுவது என்னும் ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. மருத்துவமனையில் நோயாளருக்குக் கொடுக்கும் மருந்தாக அஃது இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.