பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதவு உட்கைப்பிடி

காருக்குள் ஏறி அமர்ந்தபின், திறந்திருக்கும் கதவைத் தம் பக்கம் இழுத்து மூடுவதற்காகக் கதவின் உட்புறத்தில் பொருத்தப்படும் பிடியே உட்கைப்பிடி. பட்டறைகளில் இது 'டோர் புல்' எனப்படும். பூட்டை விடுவித்துக் கதவைத் திறக்கும் நெம்பு வேறு, இது வேறு. தோல்வார், கயிறு, வார்ப்பு உலோகப் பிடி, கைதாங்கியோடு சேர்ந்த பிடி எனப் பல வடிவங்களில் இது இருந்துள்ளது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீரமைப்போர் அதிகம் தவறு செய்யும் சிறு உறுப்புகளில் இதுவும் ஒன்று. கோயம்புத்தூர் வட்டாரத்தின் வார்ப்பு, கடைசல், கூடு கட்டும் தொழில்களோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

குதிரை வண்டியிலிருந்து கார் வரை

தொடக்கக் காலத்தில் எந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் ஒரு நிறுவனம் செய்யும். மேற்கூட்டை வேறொரு பட்டறை கட்டும். அப்படிக் கட்டியவர்களில் பலர் குதிரை வண்டி கட்டிப் பழகியவர்கள். மரத்தால் சட்டம் செய்து, அதன்மேல் உலோகத் தகட்டைப் போர்த்துவது அவர்கள் முறை. கதவை இழுத்து மூட ஒரு தோல்வார் போதுமானதாக இருந்தது. வாரின் இரு முனைகளையும் திருகாணியால் மரச் சட்டத்தில் முடுக்கிவிடுவார்கள். கனமான மரம் திருகாணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

பின்னர் அச்சுகளில் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகட்டுக் கதவுகள் வந்தன. வெளித்தகடு, உட்தகடு, நடுவே வெற்றிடம் என்பது இவற்றின் அமைப்பு. உட்தகட்டின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதில் திருகாணிக்கு இரண்டு மரைகூடச் சரியாகக் கிடைக்காது. கைப்பிடியைப் பொருத்துவது ஒரு சிக்கலான வேலையாக மாறியது இந்த இடத்தில்தான். பிடியின் வடிவத்தைவிட, அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் பிடிமானம் முக்கியமாயிற்று.

வெளிப்பிடி இல்லாத கார்கள்

1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120 திறந்த கார், 1953இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர். 2, 1955இல் வந்த எம்.ஜி.ஏ. திறந்த கார் ஆகிய மூன்றுக்கும் கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடியே கிடையாது. வெளியே நிற்பவர் கையைக் கதவுக்கு மேலாக உள்ளே விட்டு, அங்குள்ள கயிற்றை இழுத்துத்தான் திறக்க வேண்டும். இவற்றுக்கு ஏறி இறங்கும் கண்ணாடியும் இல்லை. கழற்றி மாட்டும் பக்கத் திரைகளே இருந்தன. ஆகவே கதவின் உள்வெற்றிடம் பெரிய பையாகப் பயன்பட்டது. அந்தப் பையின் விளிம்பைப் பிடித்தே கதவை இழுத்து மூடிவிடலாம்.

1962இல் வெளிவந்த எம்.ஜி.பி., டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஆகியவற்றில் சுழற்றி ஏற்றும் கண்ணாடி இடம்பெற்றது. கண்ணாடியும் அதன் பொறியமைப்பும் வெற்றிடத்தை அடைத்துக்கொண்டன. பை போயிற்று, உட்புறம் ரெக்ஸின் போர்த்திய தட்டையான அட்டையாயிற்று. பிடிப்பதற்கு எதுவும் இல்லாததால் தனிக் கைப்பிடியின் தேவை கூடியது. 1968 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த உட்புறப் பாதுகாப்பு விதிகள் கைதாங்கிகளையும் கட்டுப்படுத்தின. துருத்திக்கொண்டிருக்கும் உலோகப் பிடிகள் மெல்லக் குறைந்து, மெத்தை வைத்த கைதாங்கியோடு பிடியும் சேர்ந்தது.

இந்த வரலாறு ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கும் வந்தது. 1973ஆம் ஆண்டு மாதிரியான போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். காரின் எடை குறைந்த வகையில், கைதாங்கியை நீக்கிவிட்டு வெறும் வாரைப் பொருத்தினார்கள். குதிரை வண்டிக்காரர் எளிமைக்காகச் செய்ததைப் பந்தயக்காரர் எடையைக் குறைப்பதற்காகச் செய்தார்.

இந்தியச் சூழல்

1950களின் நடுப்பகுதியில் இந்திய அரசு, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடமளிக்கும் கொள்கையை மேற்கொண்டது. வெளிநாட்டுக் கார்களின் வரவு சுருங்கியது. ஏற்கனவே இங்கே இருந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதாயிற்று. கைப்பிடி உடைந்தால் புதிதாகச் செய்ய வேண்டும். அல்லது வேறு வண்டியின் பிடியைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும்.

கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு 1952இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு இருக்கைப் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கியதாகவும், உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை என்றும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. இது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்தது. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது. எனவே ஹெரால்டைத் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான ஸ்போர்ட்ஸ் கார் உறவினர் என்று கொள்ளலாம். தொடக்கத்தில் வந்த இரண்டு கதவு ஹெரால்டில் கதவு நீளமானது. நீளமான கதவை அகலத் திறந்துவிட்டால் உட்கார்ந்தபடி இழுப்பது கடினம்.

கொங்கு நாட்டுப் பட்டறைகள்

சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழிலைத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் தொடங்கப்பட்டது. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோயம்புத்தூரில் உருவானது. நூற்பாலைகளுக்கும் நீரேற்றும் பம்புகளுக்கும் உதிரிபாகம் செய்து பழகிய வார்ப்பட ஆலைகளும் லேத் பட்டறைகளும் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பகுதிகளில் பெருகின. ஒரே ஒரு உறுப்பைக்கூட மாதிரி பார்த்துச் செய்து தரும் கைத்திறன் இப்படித்தான் இந்த ஊரில் நிலைத்தது.

கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியில் கரூர் பேருந்துக் கூடு கட்டுவதற்கும், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரிக் கூடு கட்டுவதற்கும் பெயர் பெற்றவை. அடிச்சட்டமும் எந்திரமும் மட்டுமாக வந்துசேரும் லாரிக்கு மரத்தால் அறையும் கதவும் கட்டுவது இங்கே நெடுங்காலம் நடந்த தொழில். தச்சர், டிங்கர், குஷன்காரர், வண்ணம் பூசுபவர் ஆகிய நால்வரும் ஒரே கதவில் வேலை செய்தனர். ஐரோப்பாவில் மறைந்துபோன வண்டிக்கூடு கட்டும் மரபின் மற்றொரு வடிவம் இங்கே தொடர்ந்தது எனலாம்.

பந்தயக் கார்களிலும் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்த எஸ். கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாக 2005இல் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் இவ்வூரைச் சேர்ந்தவர். 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் அவினாசி சாலையில் உள்ளது. பழைய கார்களின் கதவுகளை அருகே நின்று காண விரும்பும் மாணவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

பொருத்தும் முறை

முதலில் தீர்மானிக்க வேண்டியது இடம். வகுப்பறைக் கதவைக் கீலுக்கு அருகில் தள்ளிப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் நெம்புகோல் பாடம் புரிந்துவிடும். கீலிலிருந்து 80 செ.மீ. தொலைவில் இழுக்க 3 கிலோ எடை அளவு விசை போதுமென்றால், 40 செ.மீ. தொலைவில் 6 கிலோ அளவு வேண்டும். அதற்காகப் பூட்டின் ஓரத்துக்கே பிடியைக் கொண்டுபோகவும் கூடாது. கதவை அகலத் திறந்தால் அது கைக்கு எட்டாது. மூடியபின் தோளுக்குப் பின்னால் போய்விடும். ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, முழங்கை மடங்கிய நிலையில் கை எங்கே படிகிறதோ அங்கே குறியிட வேண்டும். கண்ணாடி சுழற்றும் பிடிக்கும் தொடைக்கும் இடைஞ்சல் இல்லையா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது உட்புறச் சோதனை. அட்டையைக் கழற்றி, கண்ணாடியை முழுவதும் இறக்கியும் ஏற்றியும் பார்க்க வேண்டும். திருகாணியின் முனை கண்ணாடியையோ அதன் நெம்புகளையோ தொட்டால் ஒருநாள் கண்ணாடி உடையும்.

வெறும் தகட்டில் திருகாணியை ஏற்றுவது பரவலான தவறு. ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. இறங்குபவர்கள் கைப்பிடியைப் பிடித்துத் தம் உடல் எடையைத் தூக்குவார்கள். இழுப்பதற்காக வைத்த பிடியின்மேல் கீழ்நோக்கியும் பாரம் விழுகிறது. தகட்டின் துளை பெரிதாகிப் பிடி அட்டையோடு பிய்ந்து வரும். இதற்கு மாற்று, சுமார் 2 மி.மீ. கனமுள்ள எஃகுப் பட்டையில் மரை போட்டு உட்தகட்டின் பின்பக்கம் வைப்பது. பாரம் இரண்டு புள்ளிகளில் விழாமல் பட்டை முழுவதும் பரவும். துளையிட்டபின் பிசிறை நீக்கி, ரெட் ஆக்சைடு பூச வேண்டும். அட்டையின் பின்னால் பாலித்தீன் தாள் ஒட்டினால் மழைநீர் அட்டையை ஊறவைக்காது.

1950, 60களின் பிரிட்டிஷ் கார்களில் மரைகள் அங்குல அளவில் இருக்கும். கால் அங்குல மரைக்குள் 6 மி.மீ. திருகாணி ஓரிரு சுற்று ஏறிவிடும். பிறகு மரையைத் தின்றுவிடும். கடைக்குப் போகும்போது பழைய திருகாணியைக் கையோடு எடுத்துச் செல்வதே நல்லது.

புதிதாக வார்த்தல்

பழைய பிடிகள் பல, துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் முலாம் பூசியவை. முலாமுக்கு அடியில் அரிப்பு ஏற்பட்டுக் கொப்புளம் கட்டும். ஒருநாள் நடுவே ஒடியும். ஒரு பக்கப் பிடியாவது மிஞ்சியிருந்தால் அதை மாதிரியாகக் கொண்டு பித்தளையிலோ அலுமினியத்திலோ வார்க்கலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் உள்ளனவா, கண்ணாடிப் பிம்பம்போல் மாறியுள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பிடியையே மணலில் அழுத்தி அச்சு எடுத்தால் வரும் வார்ப்பு சற்றுச் சிறியதாக இருக்கும். உருகிய அலுமினியம் உறைந்து ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 13 மி.மீ. சுருங்கும். இரு துளைகளுக்கும் இடையே 150 மி.மீ. தொலைவு வேண்டிய பிடியில் இது 2 மி.மீ. குறைவாகும். அந்த 2 மி.மீ. போதும், திருகாணி பழைய துளையில் சேராமல் போக. இதனால்தான் மர மாதிரி செய்வோர் சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட தனி அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர்.

எது அசல்?

2021இல் இந்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, பெரிய மாற்றங்கள் இன்றி மூல வடிவில் பராமரிக்கப்படும் வண்டிகளை வின்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். அவற்றின் பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஒரு கைப்பிடியை மாற்றுவது பெரிய மாற்றம் ஆகாது. ஆனால் கதவில் புதிதாக இட்ட துளை நிலையானது. அதை அடைத்துப் பூசினாலும், முன்பு எது எங்கே இருந்தது என்ற சான்று குழம்பிவிடும்.

இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. உதிரிபாகம் கிடைக்காத ஆண்டுகளில் உள்ளூர்ப் பட்டறையில் செய்து மாட்டிய பிடியை இன்று என்ன செய்வது? வெளிநாட்டிலிருந்து அசல்போன்ற பிடியை வரவழைத்தவுடன், உள்ளூர்ப் பிடியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவோர் பலர். அந்தப் பிடி இங்கிலாந்தின் வரலாறாக இல்லாமல் இருக்கலாம். அந்தக் கார் இந்த மண்ணில் ஓடிய வரலாறு அதில்தான் இருக்கிறது. அதை வார்த்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அராவிய தடம் மட்டும் அந்தப் பிடியில் எஞ்சியிருக்கும்.

ஆகவே பழைய துளைகளையே பயன்படுத்துவது, புதுத் துளை தவிர்க்க முடியாதபோது முன்பே படமெடுத்து அளவு குறித்து வைப்பது, கழற்றிய பிடியை ஆண்டும் வண்டியின் பெயரும் எழுதிய சீட்டோடு பாதுகாப்பது ஆகிய மூன்றும் சீரமைப்போர் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள். செலவில்லாத இந்தப் பழக்கங்கள் காரோடு சேர்த்துப் பட்டறையின் நினைவையும் காப்பாற்றும்.